வராத மூன்று வார்த்தை

சுந்தரவல்லி மதிக்கிற மாதிரி அந்த ஆஸ்பத்திரி ஹாலில் ஒருத்தரும் இல்லை. எட்டே முக்காலுக்கு வந்து உட்கார்ந்தவள் ஒன்பதரைக்குள் எல்லோரையும் எடை போட்டு முடித்துவிட்டாள். டோக்கன் கொடுக்கிற பெண்ணுக்கு வாயில் சூயிங்கம், கண் செல்போனில், கை மட்டும் அரசாங்கத்துக்கு. சுவரில் யானை வரைந்தவன் யானையை நேரில் பார்த்திருக்க மாட்டான், தும்பிக்கையைவிட வாலைப் பெரிதாகப் போட்டிருக்கிறான், அதற்கு மேலே ஒவ்வொரு குழந்தையும் ஒரு மலர் என்று எழுதி வைத்திருக்கிறார்கள், மலராம், மலருக்கு எதற்கு டோக்கன். எதிர் பெஞ்சில் ஒருத்தி ஐந்து வயசுப் பிள்ளைக்குப் பிஸ்கட்டை டீயில் நனைத்து ஊட்டிக்கொண்டிருந்தாள், பல்லெல்லாம் எதற்கு முளைத்திருக்கிறதாம். பதினோரு வருஷமாக அங்கன்வாடி டீச்சராக இருக்கிறவளுக்கு இதையெல்லாம் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது கஷ்டம். ஒரு பிள்ளை நடந்து வருகிற தினுசை வைத்தே அது எத்தனையாவது மாசத்தில் தவழ்ந்திருக்கும் என்று சொல்லிவிடுவாள். அவள் மடியில் அவள் பாப்பா இருந்தாள். தர்ஷிகா, மூன்று வயசு இரண்டு மாசம், இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பியதில்லை. விடிகாலை நாலு மணிக்கே எழுப்பி, அதிலிருந்து கண் மூட விடாமல், வெறும் வயிற்றோடு கூட்டிவரச் சொல்லியிருந்தார்கள். தலை முழுக்க வயரை ஒட்டி மூளை ஓட்டத்தைப் பார்க்கிற டெஸ்ட். அதற்கு முன்னால் ஒரு மருந்தைக் குடிக்க வைத்துப் பிள்ளையைத் தூங்க வைப்பார்களாம். அந்த டெஸ்ட் பாப்பாவுக்குத் தேவையில்லை என்று அந்த ஹாலில் தெரிந்த ஒரே ஆள் சுந்தரவல்லி. தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தவளும் அவள்தான்.

எல்லாம் அந்த அட்டையால் வந்தது. தாய் சேய் அட்டை, பைக்குள் இருக்கிறது, பிளாஸ்டிக் உறை போட்டது, மற்றவர்களைப் போல எண்ணெய்க் கறையும் பால் கறையுமாக வைத்துக்கொள்ள அவள் என்ன அவர்களைப் போலவா. அதில் நடுப்பக்கத்தில் படம் போட்டிருக்கும், மூன்று மாசத்தில் முகம் பார்த்துச் சிரிக்கிற பிள்ளை, உட்காருகிற பிள்ளை, நடக்கிற பிள்ளை, ஒன்றரை வயசில் வார்த்தை சொல்கிற பிள்ளை, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு கட்டம். டிக் போட்டுத் தேதி எழுத வேண்டும். வட்டாரத்தில் நாற்பது சென்டர் இருக்கிறது, நாற்பது டீச்சர் இருக்கிறார்கள், முப்பத்தொன்பது பேரும் மாசக் கடைசியில் ஒரே உட்காரலில் மளமளவென்று டிக் போடுகிறவர்கள், பிள்ளையின் முகத்தைக்கூடப் பார்க்க மாட்டார்கள், சத்துமாவு பாக்கெட்டை எண்ணுகிற கவனத்தில் பாதியைப் பிள்ளைமேல் வைத்தால் போதும் என்று அவளே மீட்டிங்கில் எழுந்து சொல்லியிருக்கிறாள், அதற்கப்புறம் யாரும் அவளோடு சேர்ந்து சாப்பிடவில்லை, போகட்டும். அவள் அப்படி இல்லை. முதுகுக்குப் பின்னால் நின்று கூப்பிடுவாள். பந்தை உருட்டிவிடுவாள். பிள்ளை செய்தால்தான் டிக். செய்யாவிட்டால் கட்டம் காலியாகக் கிடக்கும், யார் கேட்டாலும் கிடக்கும். அப்படித்தான் போன வருஷம் முத்துப்பேச்சி மகனைக் கண்டுபிடித்தாள், ஒன்றரை வயசுப் பையன் விரலை நீட்டி எதையும் காட்டவில்லை என்று. பெத்தவளுக்குத் தெரியாதா, கண்ணு எங்க வச்சிருக்க, என்று முத்துப்பேச்சியைச் சென்டர் வாசலில் வைத்து அத்தனை பேர் முன்னால் கேட்டாள். கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து தன் பிள்ளையின் அட்டையை எடுத்து, விரலை நீட்டிக் காட்டுகிறாள் என்கிற கட்டத்தில் டிக் போட்டுப் பழைய தேதி ஒன்றை எழுதினாள்.

ஏன் போட்டாள் என்று அவளைக் கேட்டால் அவளுக்கே பதில் கிடையாது, ஆனால் எப்படிப் போட்டாள் என்று நன்றாக ஞாபகம் இருக்கிறது. முதல் பொய் டிக் பத்தாவது மாசத்தில், பெயர் சொன்னால் திரும்புகிறாள் என்கிற கட்டத்துக்கு. அன்றைக்கு எப்படியோ ஒரு தடவை திரும்பின மாதிரி இருந்தது. குக்கர் விசில் அடித்தது, அதற்குத் திரும்பினாளா கூப்பிட்டதற்குத் திரும்பினாளா. சரி, நாளைக்கு எப்படியும் திரும்பத்தான் போகிறாள், நாளைக்குப் போட வேண்டிய டிக்கை இன்றைக்குப் போட்டால் என்ன. அப்புறம் ஒவ்வொரு கட்டமும் நாளைக்கு நாளைக்கு என்றே நிரம்பியது. ஒன்றரை வயசுக் கட்டத்தில், மூன்று வார்த்தை சொல்கிறாள், டிக். அந்த அட்டையைத்தான் சூப்பர்வைசர் மேடம் பயிற்சி வகுப்புக்குக் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள், நாற்பது பேர் முன்னால் தூக்கிக் காட்டி, பாருங்க, அட்டை நிரப்புறதுன்னா இப்படி நிரப்பணும், ஒரு கட்டம் விடுபடல, தேதி எல்லாம் கிளியரா இருக்கு, என்று சொன்னாள். அந்த மேடத்துக்கு மூளை என்று ஒன்று இருந்தால் எல்லா டிக்கும் ஒரே நீளத்தில் இருப்பதைக் கவனித்திருக்க மாட்டாளா. முப்பத்தொன்பது பேரும் கை தட்டினார்கள். சுந்தரவல்லி அந்தக் கைதட்டலை வாங்கிக்கொண்டாள், வாங்கிக்கொண்டு அவர்களை இன்னும் கொஞ்சம் கேவலமாக நினைத்தாள்.

பக்கத்தில் வந்து உட்கார்ந்த ஊதாச் சேலைக்காரி வந்ததும் வராததுமாகப் பேச ஆரம்பித்துவிட்டாள். முறுக்குப் பொட்டலம் ஒன்றைப் பிரித்து நீட்டினாள். ஆஸ்பத்திரியில் யாராவது முறுக்கு தின்பார்களா, நொறுக் நொறுக் என்று அந்த ஹாலுக்கே கேட்கிறது. "எம் மகளுக்குக் காதும் கேக்காது, பேச்சும் வராதுக்கா. ஆறு மாசமா வாரம் ரெண்டு நாளு இங்கதான், இப்பவும் உள்ள பயிற்சில இருக்கா. இப்பத்தான் காதுல மிசினு மாட்டிருக்காங்க. நேத்து இடி இடிச்சதுக்கு என்னையப் பாத்து முழிக்கா, நான் ஓன்னு அழுதுட்டேன், எங்க வீட்டுக்காரரு பயந்துட்டாரு." இதைச் சொல்லிவிட்டுச் சிரிக்கிறாள். முழுப் பல்லும் தெரியச் சிரிக்கிறாள். தன் பிள்ளையின் குறையைப் பஸ் ஸ்டாண்டில் வேர்க்கடலை விற்கிற மாதிரி கூவிச் சொல்கிற ஜென்மம், வெட்கம் என்ற ஒன்றை இவளுக்குக் கொடுக்கவே இல்லையா. "உங்க பாப்பா என்னக்கா பேசும்?" என்றாள். "பேசுனா. மூணு வார்த்தை பேசுனா. இப்பத்தான் நின்னு போச்சு," என்று சுந்தரவல்லியின் வாய் சொன்னது. யார் கேட்டது அந்த வாயை. ஊதாச் சேலைக்காரி முறுக்கு மெல்லுவதை நிறுத்திவிட்டு, அய்யோ, வந்தது போயிருச்சா, வராம இருக்குறதுகூடப் பரவால்லக்கா, வந்து போறது கொடுமைல்ல, என்று பாப்பாவின் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். சுந்தரவல்லிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இந்த முறுக்குக்காரியின் பரிதாபத்தைப் பொய் சொல்லி வாங்கியாயிற்று, திருடின மாதிரி இருந்தது, திருப்பிக் கொடுக்கவும் வழியில்லை. அதைவிட மோசமான ஒன்றும் இருந்தது, அவளைப் பார்த்துப் பொறாமையாக இருந்தது. ஆறு மாசமா வாரம் ரெண்டு நாள். அந்த ஆறு மாசத்தில் பாப்பாவுக்கு என்ன செய்தாள் சுந்தரவல்லி? நாத்தனார் பேச்சைக் கேட்டு வசம்பைச் சுட்டு நாக்கில் தேய்த்தாள், பிள்ளை காறிக் காறி அழுதது.

போன வாரம்தான் முதல் தடவை வந்தார்கள். அதுவும் அவளாக வரவில்லை, பாப்பா சென்டரில் சுவரில் தலையை முட்டிக்கொண்டே இருந்ததை ஒரு பிள்ளையின் அப்பா பார்த்துவிட்டார், டீச்சர், உங்க பாப்பாவுக்குக் காட்டலையா, என்று கேட்டுவிட்டார், ஆடு மேய்க்கிறவர், அவர் கேட்கும்படி ஆகிவிட்டது. டாக்டர் ஒரு சின்னப் பெண். இருபத்தாறு இருந்தால் அதிகம். அட்டையை வாங்கி, ஒவ்வொரு கட்டமாக விரல் வைத்து, நிஜமாகவே படித்தாள். அந்த அட்டையை யாரும் படிப்பார்கள் என்று சுந்தரவல்லி எதிர்பார்க்கவில்லை, எத்தனை ஆஸ்பத்திரி, எத்தனை ஊசி, எல்லோரும் தடுப்பூசிப் பக்கத்தோடு மூடிவிடுவார்கள். "ஒன்றரை வயசுல மூணு வார்த்தை பேசிருக்கா, விரல் நீட்டிக் காட்டிருக்கா, இப்ப எதுவும் இல்ல. அப்ப இருந்தது போயிருக்கு. அது வேற மாதிரிம்மா. மூளைல எதாவது வலிப்பு மாதிரி உள்ளுக்குள்ள ஓடுதான்னு பாக்காம பயிற்சி ஆரம்பிக்க முடியாது. என்ன வார்த்தை பேசினா?" அப்போதே சொல்லியிருக்கலாம். அந்த நிமிஷம் வாசல் மாதிரி திறந்துதான் இருந்தது. அவள் சொன்னாள், அம்மா, தண்ணி, காக்கா. அம்மாவும் தண்ணியும் சரி, எல்லாப் பிள்ளையும் சொல்வது. காக்கா எங்கிருந்து வந்தது? ஒரு வாரமாக அந்தக் காக்கா அவள் தலைக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது, சோறு வடிக்கும்போது, ரிஜிஸ்டர் எழுதும்போது, ஏன் பூனை என்று சொல்லவில்லை, ஏன் பால் என்று சொல்லவில்லை. அவள் சொல்லி வாய் மூடுவதற்குள் பக்கத்தில் நின்ற கதிரேசன், அவள் புருஷன், ஆமா டாக்டர், காக்கா நானும் கேட்டேன், என்றான்.

இந்த ஆளை என்ன செய்வது. மினி பஸ் ஓட்டுகிறான், காலையில் ஆறு மணிக்குப் போனால் பிள்ளை தூங்கினபிறகு வருகிறான், ஞாயிற்றுக்கிழமை செல்போனுக்குள் தலையை விட்டுக்கொண்டு கிடப்பான், அவனுக்கு எந்தக் காக்கா கேட்டது. எங்க அப்பாவும் நாலு வயசுலதான் பேசுனாராம், பரம்பரை அப்படி, என்று ஒரு வருஷமாகச் சொல்லித் திரிந்தவன். பேசி என்ன கிழித்தார் அவன் அப்பா. பிள்ளை பேசியதைக் கேட்காத தகப்பன் என்று டாக்டர் நினைத்துவிடக் கூடாதே என்கிற ரோஷத்தில் ஒரு சொல் சொல்லிவிட்டான், அதோடு பொய்க்கு ஒரு சாட்சியும் ஆகிவிட்டது. அவன் சொன்னதும் அவளுக்கே ஒரு கணம் சந்தேகம் வந்தது, ஒருவேளை சொல்லித்தான் இருப்பாளோ, நான்தான் கேட்காமல் விட்டேனோ. அந்தச் சந்தேகம் எவ்வளவு இனிப்பாக இருந்தது என்பதை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது. அவன் இந்நேரம் வாசலில் டீ குடித்துக்கொண்டிருப்பான், பிள்ளை பட்டினி கிடக்கிறதே என்ற நினைப்பு இருக்காது, இல்லை, இருக்கலாம், காலையில் பாப்பாவின் முகத்தைப் பார்க்காமல் சட்டைப் பட்டனை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு நின்றான். அதற்காக அவனை மன்னித்துவிட முடியுமா, முடியாது.

பாப்பாவுக்குக் கண் சொருகியது. சுந்தரவல்லி கைக்குட்டையை நனைத்து நெற்றியில் ஒற்றினாள். பாப்பா சிணுங்கினாள். தூங்காதடா, தூங்காதம்மா, என்று உலுக்கினாள், மறுபடி சொருகியது, உள்ளங்காலைச் சுரண்டினாள், பிள்ளை உதைத்தாள், அழுதாள், முதுகை வில்லாக வளைத்துக்கொண்டு அழுதாள். ஹாலே திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும், பிஸ்கட் ஊட்டுகிறவளும் பார்க்கட்டும். ஊதாச் சேலைக்காரி, "குடுங்கக்கா, நான் கொஞ்சம் நடத்திட்டு வாரேன்," என்று கையை நீட்டினாள். "வேணாம்," என்றாள் சுந்தரவல்லி, வெடுக்கென்று. பிள்ளையின் வாயிலிருந்து பசி நாற்றம் வந்தது, வெறும் வயிற்றுப் புளிப்பு. ஆறு மணி நேரமாக இதைத் தூங்கவிடாமல் பட்டினி போட்டு உலுக்கிக்கொண்டிருப்பது எதற்கு? வராத மூன்று வார்த்தை எங்கே போயிற்று என்று கண்டுபிடிப்பதற்கு. பெத்தவளுக்குத் தெரியாதா, கண்ணு எங்க வச்சிருக்க. முத்துப்பேச்சி அன்றைக்குத் தலையைக் குனிந்துகொண்டு போனாள், மறுநாளே பையனைத் தூக்கிக்கொண்டு இங்கே வந்தாள், கூலிக்குப் போவதை விட்டுவிட்டு வந்தாள், கையெழுத்துப் போடத் தெரியாதவள். அந்தப் பையன் இப்போது விரலை நீட்டி, தா, என்கிறான். அவன் தா என்றபோது சென்டரில் எல்லோரும் சிரித்தார்கள். சுந்தரவல்லிக்கு அவனைத் தூக்கி வெளியே வைக்கலாம் போலிருந்தது, ஒன்றரை வயசுப் பிள்ளைமேல், இல்லை இப்போது இரண்டரை, அந்தப் பிள்ளைமேல் அவளுக்கு அவ்வளவு வெறுப்பு வந்தது. இந்த ஹாலில் கேவலமான பிறவி யார் என்று கேட்டால் டோக்கன் பெண்ணும் இல்லை, முறுக்குக்காரியும் இல்லை. அவளுக்கு அது தெரியாமல் இல்லை. தெரிந்ததால்தான் காலையிலிருந்து மற்ற எல்லோரையும் திட்டிக்கொண்டிருந்தாள்.

தர்ஷிகா, என்று கூப்பிட்டார்கள். கதிரேசன் எங்கிருந்தோ ஓடி வந்தான், வாயில் டீ வாசனை. உள்ளே நர்ஸ் சின்னப் பிளாஸ்டிக் குவளையில் மருந்தை ஊற்றி வைத்திருந்தாள், ரோஸ் நிறம். டாக்டர் பெண் பாப்பாவின் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "சாப்பிடலை இல்ல? தூங்கலை இல்ல? குட்," என்றாள். "மருந்து குடுக்கறதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன். அந்த மூணு வார்த்தை கடைசியா எப்ப சொன்னா, ஞாபகம் இருக்கா?" சுந்தரவல்லி வாயைத் திறப்பதற்குள் கதிரேசன் முந்திக்கொண்டான். "தீபாவளி சமயத்துல டாக்டர். மொட்டை மாடில நின்னுட்டு காக்காயப் பாத்துச் சொன்னா." டாக்டர் எழுதிக்கொண்டாள். அவர்கள் வீட்டுக்கு மொட்டை மாடியே கிடையாது, ஆஸ்பெஸ்டாஸ் கூரை. சுந்தரவல்லி அவனைப் பார்த்தாள். கேலி செய்ய நல்ல இடம், வாய்க்கு வாகாக வந்து விழுந்த இடம், ஆனால் அவன் முகத்தைப் பார்த்தால் அந்த மாடி அங்கே இருந்தது, அவன் அதில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நின்றுகொண்டிருந்தான். நர்ஸ் குவளையை எடுத்துக்கொண்டு கிட்டே வந்தாள். சிஸ்டர், நில்லுங்க, என்றாள் சுந்தரவல்லி.

"எந்த வார்த்தையும் போகலை டாக்டர். வரவே இல்லை." அவள் குரல் சென்டரில் ரிஜிஸ்டர் வாசிக்கிற குரல் மாதிரியே இருந்தது, அது அவளுக்கே அசிங்கமாக இருந்தது. "அந்த அட்டை நான் எழுதுனது. நான் அங்கன்வாடி டீச்சர். பத்தாவது மாசத்துலேருந்து உள்ள டிக்கு எல்லாம் பொய்யி." டாக்டர் அவளையே பார்த்தாள். இப்போது வரும், படிச்ச பொம்பளதானே நீங்க, என்று வரும், அவள் முத்துப்பேச்சிக்குச் செய்ததை இந்தச் சின்னப் பெண் அவளுக்குச் செய்வாள், செய்யட்டும், அதை வாங்கிக்கொள்ள அவள் தயாராக நின்றாள். வரவில்லை. "மருந்தை எடுத்துடுங்க சிஸ்டர். பாப்பாவுக்கு முதல்ல பால் குடுக்கச் சொல்லுங்க," என்றாள் டாக்டர். அவ்வளவுதான். திட்டாதது திட்டியதைவிட மோசமாக இருந்தது. கதிரேசன் சுவரோரம் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான். "நான் கேட்டேன்னுதான் நெனச்சேன் வல்லி," என்றான், அவளுக்கு மட்டும் கேட்கிற குரலில்.

பாப்பா நர்ஸ் கொடுத்த பாலைக் குடித்துவிட்டு அவள் தோளிலேயே தூங்கிப்போனாள், எச்சில் கழுத்தில் வழிந்தது. டாக்டர் புதுத் தாள் ஒன்றை எடுத்தாள். "முதல்லேருந்து வருவோம். பார்த்ததை மட்டும் சொல்லுங்க." பெயர் சொன்னால் திரும்புகிறாளா, இல்ல. விரல் நீட்டிக் காட்டுகிறாளா, இல்ல. டாட்டா காட்டினால் திருப்பிக் காட்டுகிறாளா, இல்ல. வேண்டியதைக் கேட்கிறாளா, என் கையப் பிடிச்சு இழுத்துட்டுப் போவா டாக்டர், முகத்தப் பாக்க மாட்டா, கைய மட்டும் பிடிப்பா. டாக்டர் அதை முழுக்க எழுதினாள், டிக்காகப் போடாமல் வரியாக எழுதினாள். ஒவ்வொரு இல்லையும் கஷ்டப்பட்டுத்தான் வந்தது, ஆனால் பத்துப் பன்னிரண்டு ஆனபிறகு அவளுக்குள் ஏதோ ஒன்று களைத்துப்போய் உட்கார்ந்துவிட்டது, இரண்டு வருஷத்துக்கு மேலாக நின்றுகொண்டே இருந்தது அது. கடைசியாக டாக்டர் பேனாவை நிறுத்தி, "உங்களைத் தெரியுதா அவளுக்கு? மத்தவங்க வேற, நீங்க வேறன்னு?" என்று கேட்டாள்.

இதுதான். காலையிலிருந்து பயந்தது இந்தக் கேள்விக்குத்தான், இரண்டு வருஷத்துக்கு மேலாகக் கட்டம் கட்டமாக டிக் போட்டு மூடி வைத்ததும் இதைத்தான். மற்ற பிள்ளைகளுக்கு எப்படிப் பார்ப்பது என்று அவளுக்குத் தெரியும். அம்மாவை வெளியே அனுப்பிவிட்டுப் பிள்ளை வாசலைப் பார்க்கிறதா என்று கவனிக்க வேண்டும், இருபது அம்மாக்களை அப்படி அனுப்பியிருக்கிறாள். தன் பிள்ளையை விட்டுவிட்டு ஒரு தடவைகூட வெளியே போய் நின்றதில்லை. வீட்டிலும் கூடவே, சென்டரிலும் கூடவே, ஒரு நிமிஷம் கதவுக்கு அந்தப் பக்கம் போய் நின்று பார்க்கத் தைரியம் இல்லை. பாப்பா வாசலைப் பார்க்காவிட்டால் என்ன செய்வது. ஆமாம் என்று சொல்ல வாய் பழகிக் கிடந்தது. இல்லை என்று சொல்லவும் இப்போது பழகியிருந்தது. தோளில் பிள்ளையின் மூச்சு சூடாகப் பட்டுக்கொண்டிருந்தது, அது யார் தோளாக இருந்தாலும் இப்படித்தான் படுமோ என்னவோ.

"தெரியலை டாக்டர்," என்றாள் சுந்தரவல்லி. பிள்ளை வளர்ப்பில் தனக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது என்று அவள் ஒருத்தரிடமும் சொன்னதில்லை, சொல்கிறவர்களைப் பார்த்துச் சிரித்திருக்கிறாள். "எப்படித் தெரிஞ்சுக்கிறதுன்னு எனக்குச் சொல்லிக் குடுங்க."